கண்டது என்று எழுதிய பெட்டி

தயா அக்கா போய்விட்டார் என்ற சேதி வந்தபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு முரசுமோட்டையில் இருந்து ஓட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தேன். அக்காவின் பக்கத்து வீட்டு மணி அக்காதான் போனில் சொன்னார். விடிய எழும்பி முற்றம் கூட்டியவர், நெஞ்சுக்குள் ஏதோ செய்கிறது என்று கதிரையில் இருந்தாராம். பிறகு எழும்பவே இல்லையாம். நான் ஓட்டோவை வீதியோரம் நிறுத்தினேன். இதை வாசிக்கிற நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள், ஆனபடியால் உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. "பெட்டி" என்றுதான் வாயில் வந்தது. அலுமாரிக்குள் இருக்கிற பெட்டியை ஆரும் திறந்துவிடப் போகிறார்கள் என்ற பயம்தான் முந்தி வந்தது. அழுகை பின்னால்தான் வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அடிக்கிற நினைவு மலருக்கு நீயும் எழுது என்று அக்காவின் மூத்த சகோதரி செல்வியக்கா கேட்டார். நான் ஏழாம் வகுப்போடு இடம்பெயர்ந்து படிப்பை விட்டவள், எனக்கு எழுத வராது என்றேன். கதைக்கிற மாதிரி எழுது, பிழை திருத்த ஆட்கள் இருக்கிறார்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

பெட்டி என்னவென்று சொன்னால்தான் மற்றது விளங்கும். அக்காவின் கமரா இப்போதைய கமரா இல்லை. விரித்தால் ஆர்மோனியம் மாதிரி மடிப்பு மடிப்பாக நீளும் மரக் கமரா. அதை முக்காலியில் பூட்டி, கறுப்புத் துணியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, பின்பக்கக் கண்ணாடியில் தலைகீழாகத் தெரிகிற காட்டைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு பிலிம். சுருள் இல்லை, போஸ்ட்காட் மாதிரித் தனித்தனித் துண்டு. கழுவி முடிகிற வரைக்கும் அதில் ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் போச்சு. எடுக்காத பிலிமை ஒரு பெட்டியிலும், எடுத்து இன்னும் கழுவாத பிலிமை இன்னொரு பெட்டியிலும் வைப்பார். இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். மாறிப்போகாமல் இருக்க வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, ஒன்றில் 'காணாதது' என்றும் மற்றதில் 'கண்டது' என்றும் எழுதியிருந்தார். வெளிச்சம் காணாதது, வெளிச்சம் கண்டது. எனக்கு அதன் அர்த்தம் அவ்வளவுதான். வேறு ஒருவர் வாசித்தால் அந்தச் சொற்கள் வேறு விதமாகக் கேட்கும் என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அக்கா சாகும்போது கண்டது பெட்டிக்குள் இருந்தவை, அதற்கு முந்தின கிழமை கனகராயன் ஆற்றில் எடுத்த படங்கள். நாங்கள் திரும்பி வந்த கையோடு அந்த இடத்தில் மணல் ஏற்றுகிற டிப்பர்கள் இறங்கிவிட்டன. ஆற்றின் அந்த வளைவு இப்போது இல்லை. திரும்பிப் போய் எடுக்க அக்காவும் இல்லை. பெட்டியைத் திறந்தால் ஆறும் அக்காவும் இரண்டு பேரும் போனது போனதுதான். அதுதான் என் பயம்.

நான் அக்காவை முதலில் ஏற்றிக்கொண்டு போனது ஜெயபுரத்துக்கு. வவுனியாவில் ஸ்ரூடியோ ஒன்றில் கலியாணப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்கு வந்து தனியே இருந்த காலம். பாதி வழியில், இரண்டு பக்கமும் காடாக இருக்கிற இடத்தில் நிப்பாட்டச் சொன்னார். முக்காலியை இறக்கிக் கமராவைப் பூட்டித் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வரவே இல்லை. அது யானை கடக்கிற இடம். நான் எஞ்சினை நிறுத்தாமல் ஓட்டோவை ஸ்ராட்டிலேயே வைத்துக்கொண்டு காட்டைப் பார்ப்பதும் துணியைப் பார்ப்பதுமாக இருந்தேன். சைக்கிளில் விறகு கட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர் இறங்கி நின்று பார்த்தார். "என்ன பிள்ளை, அவா ஆவி பிடிக்கிறாவோ?" என்று என்னிடம் கேட்டார். நான் வாய் திறக்க முதல் துணிக்குள் இருந்து பதில் வந்தது: "ஓம் அப்பு, சரியான தடிமன்." கிழவர் கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிக்க வரவில்லை. யானை வரும், கெதியாக எடுங்கோ என்று நச்சரித்தேன். அக்கா துணியை விலக்கி என்னைப் பார்த்தார். "அவசரப்பட்டு எடுத்தா அவசரம்தான் படத்திலை விழும்" என்றார். காற்று நின்று, இலை அசையாமல் நின்ற நேரத்தில் ஒன்றே ஒன்று எடுத்தார். அந்த ஒன்றுக்காகப் பொழுது சாய்ந்துவிட்டது. இனி இந்த அம்மாவை ஏற்றுவதில்லை என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அடுத்த கிழமை அவர் கூப்பிட்டதும் போனேன். ஏன் என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பூநகரிப் பக்கம் ஒரு வெட்டைவெளி இருக்கிறது. மாரித் தண்ணீர் செம்மண்ணை அறுத்து அறுத்து, ஆள் இறங்கினால் தெரியாத அளவுக்குப் பள்ளம் பள்ளமாக ஆக்கி வைத்திருக்கிறது. பள்ளத்தின் சுவரில் மண் நிறம் நிறமாக அடுக்கியிருக்கும். அக்காவுக்கு அந்த இடத்தில் பைத்தியம். படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம், முன்னால் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பார்கள். மற்ற ஊரில் அது பரவாயில்லை. எங்கள் ஊரில் அப்படி நடக்கலாமா? பள்ளம் முழுவதும் கண்ணாடிக்குள் விழவேண்டும் என்று அக்கா முக்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் பின்னால் போனார். அவருக்குப் பின்னால் பற்றைக்குள் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை நிற்கிறது. அதற்கு அங்கால் மிதிவெடி இன்னும் எடுக்கவில்லை. கத்தினால் திடுக்கிட்டு இன்னும் ஓரடி வைத்துவிடுவாரோ என்று எனக்குக் கத்தவும் பயம். ஓடிப்போய் சட்டையில் பிடித்து இழுத்தேன். கமராவும் நாங்களும் ஒன்றாக விழுந்தோம்.

நான் ஏசினேன். அவரைவிட வயதில் இளையவள் என்பதையும் மறந்து ஏசினேன். அக்கா எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு முதலில் கமராவைத்தான் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். "எனக்கு முன்னுக்குத்தான் தெரியும். இனிப் பின்னுக்கு நீ பார்" என்றார். அன்றில் இருந்து அதுதான் என் வேலை. அவர் துணிக்குள் போனதும் நான் அவர் முதுகுக்குக் காவல். யானை, பாம்பு, பலகை, ஆமிக்காரர், மழை எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவர் படவேண்டிய பயத்தையும் சேர்த்து நானே பட்டேன். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டு சுகமாக நின்றார்.

அக்காவின் படங்களில் ஆட்கள் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒருநாள் என்னையும் ஓட்டோவையும் ஒரு படம் எடுங்கோ என்று கேட்டேன். போனில் எடுத்துத் தருகிறேன் என்றார். நான் விடவில்லை, இந்தக் கமராவில்தான் வேண்டும் என்றேன். அப்போது சொன்னார்: "ஆக்களை எடுத்தா, பிறகு அவை எங்கை எண்டு கேப்பினம். மரத்தை ஆரும் அப்பிடிக் கேக்க மாட்டினம்." அவருடைய கடைசித் தம்பி நந்தன் சண்டை முடிகிற நேரத்தில் காணாமல் போனது எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் என்னோடு கதைத்ததில்லை. அந்த ஒரு வசனம்தான். நான் திரும்பப் படம் கேட்கவில்லை.

கடைசியாகப் போனது ஆற்றுக்கு. தண்ணீர் வற்றி மணல் தெரிந்த நேரம். அந்த வளைவில் இரண்டு கரையும் கிணற்றுச் சுவர் மாதிரி நேராக உயர்ந்திருக்கும். மேலே மருதமரங்கள், அவற்றின் வேர்கள் சுவரில் வழிந்து மணலைத் தொடும். உள்ளே நின்றால் வானம் ஒடுங்கிய துணிக் கீலமாகத்தான் தெரியும். கரையில் டிப்பர் இறங்கப் பாதை வெட்டியிருந்ததை வரும்போதே கண்டேன். போவோம் என்று அக்காவின் காதுக்குள் சொன்னேன். காற்று நிற்கட்டும் என்றார். காற்று நிற்க முதல் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது.

மணல் ஏற்றுகிற ஆட்கள், இரண்டு பேர். முக்காலியைக் கண்டு எங்களை நில அளவைக்கு வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆர் அனுப்பினது, ஆருக்கு அறிக்கை கொடுக்கப் போகிறீர்கள் என்று ஒருவன் கேட்டான். படம் எடுக்கிறோம் என்றேன். "வெறும் ஆத்தை எடுத்து என்ன செய்யப் போறியள்?" என்றான். அக்கா துணியை விலக்கி, "வா தம்பி, வந்து நீயே பார்" என்று அவனைக் கூப்பிட்டார். அவன் துணிக்குள் தலையை விட்டான். சிரித்தான். "மண் மேலை கிடக்கு, வானம் கீழை கிடக்கு" என்றான். "நீங்கள் செய்யப்போறதும் அதுதானே" என்றார் அக்கா.

அவன் தலையை வெளியே எடுத்தபோது சிரிப்பு இல்லை. கெதியாக முடித்துக்கொண்டு போகச் சொன்னான். அவர்கள் போகவில்லை, மேலே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அக்கா கொண்டுவந்த பிலிம் எல்லாவற்றையும் எடுத்து முடித்தார். கடைசிப் பிலிமை மூடுகிறபோது அவர் தானே ஒருதரம் பின்னுக்குத் திரும்பி மேலே பார்த்ததைக் கண்டேன். அதுவரைக்கும் அவருக்குப் பயம் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் குசினி யன்னலைப் போர்வையால் மூடி, அந்த இருட்டுக்குள் பிலிம்களைக் கண்டது பெட்டிக்கு மாற்றினார். கழுவுகிற மருந்து முடிந்திருந்தது. கொழும்பில் இருந்து வந்ததும் கழுவுவோம் என்றார்.

மருந்து வர முதல் சேதி வந்துவிட்டது.

நான் போனபோது அக்காவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முற்றத்தில் பந்தலுக்குத் தறப்பாள் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தைப் பார்த்தேன், பக்கத்தில் இருந்தேன். ஆனால் கண் அறைக் கதவில்தான் நின்றது. அலுமாரி அந்த அறைக்குள். உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வரலாம். ஆனால் நான் ஆர்? செத்தவீட்டில் அலுமாரியைத் திறந்து சாமான் எடுத்தவள் என்று பெயர் வரும். சொந்தக்காரர் வரட்டும், சொல்லி எடுப்போம் என்று இருந்தேன். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்குவதாக நேர்ந்தும் வைத்தேன்.

சாவகச்சேரியில் இருந்து செல்வியக்காவும் அவருடைய கணவரும் வந்தார்கள். அழுது ஓய்ந்த பிறகு, அஞ்சலிப் பதாகை அடிக்கிற பெடியள் அக்காவின் படம் ஒன்று கேட்டார்கள். எங்கும் இல்லை. ஊரெல்லாம் படம் எடுத்தவளுக்கு ஒரு படம் இல்லையோ என்று அக்காவின் மச்சான்காரர், செல்வியக்காவின் கணவர், அலுமாரியைத் திறந்து எல்லாவற்றையும் வெளியே இழுத்தார். நான் எழும்பிப் போய், "ஐயா, அந்தக் கறுப்புப் பெட்டி ரெண்டையும் திறவாதேங்கோ" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆரிவ?" என்று பக்கத்தில் நின்றவரைக் கேட்டார். ஓட்டோக்காரப் பிள்ளை என்றார்கள். "அப்ப ஓட்டோவை ஒழுங்கையாலை எடுக்கச் சொல்லுங்கோ, கதிரை கொண்டுவாற வான் வர இடமில்லை" என்றார்.

வான் உண்மையாகவே ஒழுங்கை வாசலில் நின்று கோன் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய் ஓட்டோவை எடுத்தேன். பின்னால் எடுக்க இடமில்லாமல் சுற்றிக்கொண்டு வந்து விட்டேன். ஓடி வந்தேன்.

செல்வியக்கா முற்றத்துப் படியில், நல்ல வெயிலில் இருந்தார். மடியில் ஒரு பெட்டி மூடி திறந்தபடி இருந்தது. அதற்குள் இருந்த பிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, படியில் வைத்துக்கொண்டிருந்தார். கிட்டப் போய்ப் பிளாஸ்ரரைப் பார்த்தேன். காணாதது. எடுக்காத பிலிம். ஆற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஆறுதல் வந்த அதே நேரம் செல்வியக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காணாதது எண்டு எழுதியிருக்குது, பிள்ளை. நந்தன்ரை படம் எண்டு நினைச்சன்."

அவர் கையில் இருந்தது ஒன்றுமே இல்லாத, மங்கலான வெறும் பிலிம். ஒன்றிலும் ஒன்றும் இல்லையே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதில் ஆரும் இருக்கவில்லை அக்கா, அது இன்னும் எடுக்காதது என்று நான் எப்படிச் சொல்வது? அந்தச் சொல்லைத் தயா அக்கா யோசிக்காமல் எழுதினாரா, யோசித்துத்தான் எழுதினாரா என்று எனக்கு இப்போதும் தெரியாது. கேட்க வழியில்லை.

மற்றப் பெட்டி எங்கே என்று தேடினேன். மச்சான்காரர் பிளாஸ்ரரை வாசித்துவிட்டு, கண்ட கண்டதெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறாள் என்று எரிக்கிற குவியலோடு போடச் சொல்லியிருக்கிறார். கிணற்றடியில் பழைய பாய்க்கும் தலையணைக்கும் மேல் கிடந்தது. நான் அங்கே திரும்ப முதல் மணி அக்கா அதை எடுத்து வந்து, "இதுக்குள்ளையும் பாருங்கோ, சிலவேளை கிடக்கும்" என்று செல்வியக்காவிடம் கொடுத்துவிட்டார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். செல்வியக்கா மூடியை எடுத்தார். உள்ளே இன்னொரு மூடி. அதையும் எடுத்தார். உள்ளே கறுப்புக் கடதாசி. அதன் ஒரு மூலையை விரலால் விலக்கினார்.

நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. பெட்டியைப் பறித்து மூடியை அமத்திக்கொண்டு நிலத்தில் குந்தி, அதன் மேல் குப்புறக் கவிழ்ந்துவிட்டேன். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பிரேதம் தூக்குகிற பெட்டி வர முதலே ஓட்டோக்காரி இந்தப் பெட்டிக்கு ஒப்பாரி வைக்கிறாள் என்று ஒரு மனுசி சொன்னது கேட்டது. மச்சான்காரர் என்னை எழுப்ப வந்தார். செல்வியக்கா அவரைக் கையால் மறித்தார்.

"அதுக்குள்ளை என்ன பிள்ளை கிடக்கு?"

"ஆறு அக்கா. அவா கடைசியா எடுத்தது. வெளிச்சம் பட்டா அழிஞ்சுபோம்."

"நந்தன் இல்லையோ?"

"இல்லை அக்கா. ஆறும் மருதமரமும்தான்."

அவர் படியில் கிடந்த வெறும் பிலிம்களைப் பார்த்தார். "மூடி வை" என்றார். "அவளின்ரை ஆறு எண்டாலும் மிஞ்சட்டும்."

அக்காவைச் சுடலைக்கு எடுத்த பிறகு, அவருடைய கறுப்புத் துணியில் செல்வியக்கா பெட்டியைச் சுற்றி என்னிடமே தந்தார். நான் அதை வாங்கிய நாளில் இருந்து நித்திரை இல்லை. என் வீடு தகரக் கூரை, வெக்கை பிலிமுக்குக் கூடாது. கட்டிலுக்குக் கீழே வைத்தால் எலி. பள்ளிக்கூட ஓட்டம் ஓடும்போது மகள் திறந்துவிடுவாளோ என்று பாதியில் திரும்பி வந்திருக்கிறேன். எல்லாவற்றையும்விட, அன்றைக்கு முற்றத்தில் வெளிச்சம் எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. திறந்து பார்த்தால் போச்சு. திறக்காவிட்டால் இருக்கிறதோ இல்லையோ தெரியாது.

எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்ததும் செல்வியக்காவும் நானும் கொழும்புக்குப் போனோம். அக்கா பிலிம் மருந்து வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர், நானா என்று கூப்பிடுபவர், அங்கே இருந்தார், அவர் கழுவித் தருவதாகச் சொன்னார். வழியில் போதைப்பொருள் சோதனைக்காக பஸ்சை மறித்தார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் என் மடியில் இருந்த துணிக்கட்டைத் தொட்டு, அவிழ்க்கச் சொன்னார். எனக்குச் சிங்களம் சரியாக வராது. பிலிம், லைட் என்று ஏதோ சொன்னேன், அவருக்கு விளங்கவில்லை. தானே துணியை அவிழ்த்து மூடியில் கை வைத்துவிட்டார். அப்போது செல்வியக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "எங்கட நங்கி, மாத்தயா. செத்துப்போனா" என்றார். நங்கி என்றால் தங்கச்சி, மாத்தயா என்றால் ஐயா. அந்தப் பெடியன் கையைச் சடாரென்று எடுத்தார். சாம்பல் என்று நினைத்திருக்க வேண்டும். கும்பிட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார். செல்வியக்கா என் காதுக்குள், "நான் பொய் சொல்லேல்லை" என்றார்.

நானாவின் இருட்டறைக்கு வெளியே இருந்த மர வாங்கில் நாங்கள் இருந்தோம். நான் தேவாரம் சொல்லத் தொடங்கி இடையில் மறந்துபோனேன். நானா வெளியே வந்தபோது பிலிம்களில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே ஒவ்வொன்றாகப் பிடித்தார். ஆறு இருந்தது. வேர்கள் இருந்தன. எல்லாம் இருந்தன. நான் அங்கேயே இருந்து அழுதேன்.

ஒன்றை மட்டும் நானா தனியே வைத்தார். பெட்டிக்குள் ஆக மேலே இருந்தது. பாதியில் ஆறு, மற்றப் பாதி கரிக்கறுப்பு. வெளிச்சம் புகுந்துவிட்டது, இது பழுது, எறியலாம் என்றார். எப்போது புகுந்தது என்று செல்வியக்கா கேட்டார். நான் நிலத்தைப் பார்த்தேன். "அண்டைக்கு" என்று அவரே சொன்னார். "என்ரை கை."

எறியவேண்டாம், அதை எனக்குத் தாருங்கோ என்று கேட்டேன். மற்றவற்றை எல்லாம் செல்வியக்கா வைத்திருக்கிறார், இந்த மலரில் வருகிற ஆறும் அவற்றில் ஒன்றுதான். நானா எனக்கு அந்தப் பழுதைத் தாளிலும் போட்டுத் தந்தார். பிலிமில் கறுப்பாக இருந்த இடம் தாளில் வெள்ளையாக வந்தது. இடப்பக்கம் கரைச்சுவரும் மருதவேரும். வலப்பக்கம் போகப் போக ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளை, அக்கா உள்ளே கிடந்த நேரம் அவருடைய முற்றத்தில் விழுந்த வெயில். அவர் கூட்டி வைத்த முற்றம்.

அக்காவிடம் இருந்து எனக்கென்று இருப்பது அதுதான். வீட்டில் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவரை அறிந்தவர்கள் வந்து பாருங்கோ. கையில் எடுத்து, வாசலுக்குக் கொண்டுவந்து, நல்ல வெளிச்சத்தில் வைத்தே பார்க்கலாம். இனி அதற்கு ஒன்றும் ஆகாது.